மேட்டில் அணைக்கக் கூடாத வண்டி

பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் யாராவது ஒருவர் கையில் ஒரு தாளோடு வாசலில் நிற்பார்கள். மருந்துப் பாட்டிலில் இருந்து பிய்த்தெடுத்த சீட்டு, ரேஷன் கடை அறிவிப்பு, பஞ்சாயத்து ஆபீஸ் நோட்டீஸ். "கண்ணு, இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு சாமி" என்பார்கள். வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டின் குடியிருப்பில் எங்களுடையது கடைசி வீடு. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் ஆசிரியர் பயிற்சியும் முடித்து, தலைச்சோலைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இப்போதும் உண்டு. காலையும் மாலையும் காப்பிச் செடிகளுக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஏறி இறங்கிய கால்களுக்குத்தான் அந்தக் கர்வத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு மார்ச் மாதம். பூ மழை பெய்து காப்பி பூத்திருந்தது. அன்று வாசலில் தாளோடு யாரும் இல்லை என்று நிம்மதியாக உள்ளே போனேன். அண்ணன் உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் ஒரு புத்தகம் இருந்தது. எண்ணெய்க் கை பட்டுவிடக் கூடாது என்று அதை ஒரு துண்டால் சுற்றி வைத்திருந்தான்.

"நொம்ப வேல இல்ல பாப்பா. படிச்சு மட்டும் சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"என்னங்ணா இது?"

"மொதலாளி வண்டிக்கு டர்போ மாட்டப் போறோம்."

எனக்கு அந்தச் சொல் தெரியாது. அவனுக்கும் அந்த வாரம்தான் தெரிந்திருந்தது. ஆனால் ஏதோ பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னான். நான் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுப் புத்தகத்தை வாங்கினேன். முழுக்க இங்கிலீஷ். பக்கத்துக்கு ஒரு படம், படத்தைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் அம்புக்குறிகள்.

அண்ணன் எஸ்டேட் ஷெட்டில் தினக்கூலியாக வேலை செய்தான். ஜீப், டிராக்டர், காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் பல்ப்பர் மிஷினின் டீசல் இன்ஜின் என்று எது நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் மெக்கானிக் என்று ஒரு வேலை எஸ்டேட்டில் இருந்தது, அது அவனிடம் இல்லை. அதற்கு மாதச் சம்பளம், அதில் இருந்தவர் வயதாகி ஊருக்குப் போய்விட்டார். இடம் காலியாகவே கிடந்தது. அப்பா இறந்த பிறகு அம்மா வருஷம் முழுக்க எஸ்டேட் வேலைக்குப் போனாள். பறிப்பு முடிந்தால் மிளகு, மிளகு முடிந்தால் களை. சரிவில் நின்று நின்று அவளுக்கு ஒரு முழங்கால் வீங்கி, படுக்கும்போது அதை இரண்டு கையாலும் தூக்கிப் பாயில் வைப்பாள். அண்ணனுக்கு அந்த இடம் கிடைத்தால் அம்மா வேலையை நிறுத்திவிடலாம். எங்கள் வீட்டில் வேறு எதைப் பேசினாலும் பேச்சு கடைசியில் அங்கேதான் வந்து நின்றது.

முதலாளி அந்த மோட்டார் சைக்கிளை வெளிநாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்திருந்தார். ஆயிரம் சி.சி., நான்கு சிலிண்டர். இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் ஒரு பெட்டி, முன்னால் காற்றைத் தடுக்க ஒரு கண்ணாடி. தூரப் பயணத்துக்கென்றே செய்த வண்டி. அதில் அவரும் முதலாளியம்மாவும் உட்கார்ந்து ஏற்காட்டுக் கடைவீதி வழியாகப் போனால் ஏரிப் படகுக்கு நின்றிருக்கும் வெளியூர்க்காரர்கள் கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த வருஷம் ஜூனில் அவர்கள் இரண்டு பேரும் அதில் இமயமலைக்குப் போவதாக இருந்தது. அங்கே மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும், இன்ஜினுக்கு மூச்சு முட்டும், டர்போ போட்டால் அந்தக் குறை தீரும் என்று முதலாளி எங்கேயோ படித்து, அமெரிக்காவிலிருந்து தெரிந்தவர் மூலமாக ஒரு பெட்டியை வரவழைத்துவிட்டார். பெங்களூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது அவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்து மூடிக் கொடுத்துவிட்டார்களாம். அந்த வண்டியின் கிளட்ச் கேபிளையும் கார்பரேட்டரையும் அதற்கு முன்பே சரி செய்தது அண்ணன்தான்.

"இது மட்டும் நல்லா ஓடிட்டா, ஷெட்டு உன்னுதுப்பா" என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு என் மாலை நேரங்கள் போயின. பள்ளியில் நாள் முழுக்க ஐந்து வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக் கத்திவிட்டு வந்து, ஷெட்டில் ஒரு கவிழ்த்த மரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படிப்பேன். பாதிச் சொற்கள் அகராதியில் இல்லை. படத்தையும் வாக்கியத்தையும் சேர்த்துப் பார்த்து, புரிந்ததைச் சொல்வேன். வண்டியிலிருந்து வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருக்கும், அது வெளிக்காற்றை இழுத்து இன்ஜினுக்குள் திணிக்கும்.

அண்ணன் படத்தை எட்டிப் பார்த்தான். பிறகு சிரித்தான். "வெட்டியாப் போற பொகையப் புடிச்சு வேல வாங்கறானுங்க. நம்ம ரைட்டரு மாதிரி."

ரைட்டர் என்றால் எங்கள் எஸ்டேட்டில் வேலையாட்களுக்குக் கணக்குப் போடுகிறவர், சும்மா நிற்கிற ஆளைக் கண்டால் ஒரு வேலையைக் கொடுத்துவிடுவார். நானும் சிரித்தேன். அந்த மாதத்தில் நான் சிரித்த சில தடவைகளில் அது ஒன்று.

வேலை லேசானது இல்லை. வண்டியின் நான்கு புகைக் குழாய்களையும் கழற்றி, பெட்டியில் வந்த புதுக் குழாயை மாட்ட வேண்டும். அது நான்கையும் ஒன்றாக்கி டர்போவின் வாயில் கொண்டுபோய் விடும். நான்கு கார்பரேட்டரையும் எடுத்துவிட்டுப் பெரிதாக ஒன்றை வைக்க வேண்டும். சிலிண்டரைத் தூக்கி அடியில் ஒரு தகடு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே அழுத்தம் கூடி இன்ஜின் உடைந்துவிடும். சுற்றுகிற தண்டுக்கு இன்ஜினிலிருந்தே எண்ணெய் போக ஒரு மெல்லிய குழாய், அந்த எண்ணெய் திரும்பி வர ஒரு தடித்த குழாய். நான் ஒரு வரி படிப்பேன், அவன் ஒரு போல்ட்டைக் கழற்றுவான். வெளிச்சம் குறைந்ததும் புத்தகத்தைத் துண்டில் சுற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம்.

எச்சரிக்கைப் பக்கம் புத்தகத்தின் கடைசியில் இருந்தது. கட்டம் போட்டு, தடித்த எழுத்தில். மேட்டில் முழு வேகத்தில் ஏறிய பிறகு இன்ஜினை உடனே அணைக்கக் கூடாது. ஓரிரண்டு நிமிடம் மெதுவாக ஓடவிட்டுப் பிறகுதான் அணைக்க வேண்டும். ஏனென்றால் டர்போ அப்போது பழுக்கக் காய்ந்திருக்கும், தண்டைச் சுற்றி எண்ணெய் ஓடிக்கொண்டிருந்தால்தான் அந்தச் சூடு இறங்கும். இன்ஜின் நின்றால் எண்ணெயும் நிற்கும்.

"புரியுதுங்களாண்ணா? அடுப்புல காஞ்ச வாணலியில ஒரு சொட்டு எண்ணெய விட்டுட்டுப் போயிட்டா என்ன ஆவும்?"

"கருகித் தாரு மாதிரி ஒட்டிக்கும்."

"அதேதான். தண்டு அதுல ஒட்டிக்கும். எங்க, திருப்பிச் சொல்லுங்க பாக்கலாம்."

அவன் பள்ளிப் பிள்ளைபோல் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றான். "மேட்டுல ஏறுன ஒடனே அணைக்கப்படாது. ஆற உட்டு அணைக்கோணும். சரிங்களா டீச்சர்?"

"சரி, உக்காரு."

ஏப்ரல் தொடக்கத்தில் வேலை முடிந்தது. முதல் ஓட்டத்தை அண்ணனே ஓட்டினான். ஏற்காட்டுக் கடைவீதி வரை போய்த் திரும்பி வரவேண்டும். அன்று பள்ளி விடுமுறை. நான் வீட்டு வாசலில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு இருந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் எஸ்டேட்டுக்கு வருகிற சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏற்காட்டிலிருந்து வரும்போது ஓரிடத்தில் செங்குத்தாக ஏறும். ஏறி முடிந்த இடத்தில் சாலையோரம் ஒரு முனியப்பன், கூரையில்லாமல், கையில் அருவாளோடு உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து எஸ்டேட் ஷெட் வரை ஒரே இறக்கம். அந்த மேட்டுக்கு வந்ததும் எந்த வண்டியாக இருந்தாலும் இன்ஜினை அணைத்துவிடுவார்கள். வலது கையால் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் கீழே உருட்டிக்கொண்டு வருவார்கள். முனியப்பனுக்குச் சத்தம் ஆகாது என்பார்கள். பெட்ரோல் மிச்சம் என்றும் சொல்வார்கள். எது முதலில் வந்த காரணம் என்று எனக்குத் தெரியாது. ஓட்டக் கற்றுக்கொள்கிறவனுக்குக் கிளட்சுக்கு அடுத்தபடியாக அதைத்தான் சொல்லித் தருவார்கள். எஸ்டேட் ஜீப்பை அணைக்காமல் இறக்கினால் ரைட்டர் கூப்பிட்டுக் கேட்பார்.

அந்த நாளில் முதலில் ஒரு ஊதல் கேட்டது. அந்த வண்டியில் அதற்குமுன் கேட்காத சத்தம். குக்கர் விசில் வருவதற்கு முன்னால் ஒரு சீறல் வருமே, அதுபோல. அது கூடிக்கொண்டே மேட்டில் ஏறியது. சில்வர் ஓக் மரங்களுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பள்ளத்தைத் தாண்டி எங்கள் வாசலுக்கு வந்தது. என் கையிலிருந்த முறம் அப்படியே நின்றது. நான் படித்துச் சொன்னது ஓடுகிறது என்று நினைத்தேன். எனக்கு அந்த நொடி எப்படி இருந்தது என்று இப்போது எழுதினால் பெருமை பீற்றுவதுபோல் இருக்கும். அதனால் விட்டுவிடுகிறேன்.

மேட்டின் உச்சியில் சத்தம் நின்றது.

"வந்துட்டான்" என்றாள் அம்மா.

நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டு ஷெட்டுக்கு ஓடினேன். அவன் உருண்டு வந்து இறங்கினான். முகமெல்லாம் பல்.

"ஏனுங்ணா, அணைச்சீங்களா?"

அவன் முகம் மாறியது. உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டான். வண்டியின் வலது கைப்பிடியில், கட்டை விரலுக்குப் பக்கத்தில், இன்ஜினை நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் ஒன்று இருந்தது. அதை ஏதோ தன் விரலைக் கேட்பதுபோல் பார்த்தான். "முனியப்பனப் பாத்ததும் தன்னால போயிருச்சு பாப்பா. கை போனதே எனக்குத் தெரியல."

"ஒரு தடவதானே. இனிமே பண்ணாதீங்க."

அடுத்த வாரங்களில் அந்த வண்டி பலமுறை மேட்டில் ஏறியது. சில நாள் அண்ணன் ஓட்டினான். அதிக நாள் முதலாளியே ஓட்டினார். இமயமலைக்குப் போவதற்கு முன் கை பழக வேண்டும் என்று, முதலாளியம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு, பெட்டிகளில் சாமான் ஏற்றிக்கொண்டு, சேலம் வரை இறங்கி ஏறுவார். பள்ளியிலிருந்து வருகிற குறுக்குப் பாதையிலும் அந்த ஊதல் கேட்கும். நான் நின்றுவிடுவேன். ஏறும், ஏறும், உச்சிக்கு வரும். பிறகு ஒரு சத்தமும் இருக்காது. தூரத்தில் யாரோ ஒரு ஆட்டைக் கூப்பிடுவது மட்டும் கேட்கும். கால் வலிக்கும், ஆனாலும் அடுத்த நாளும் நின்று கேட்பேன். அணைக்காமல் இறங்கிய நாள்களும் உண்டு. அவை குறைவு.

அண்ணனிடம் சொன்னால், "நாலுல ஒருக்கா மறந்துருது" என்பான். அது உண்மையாகத்தான் இருக்கும். சின்ன வயதில் ஷெட்டுக்குப் போனதிலிருந்து அவன் கை பழகிய பழக்கம் அது. முதலாளியிடம் ஒரு நாள் நானே சொன்னேன். ஷெட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"சார், மேட்டுல அணைக்கக் கூடாதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்குதுங்க."

அவர் சிரித்தார். நல்ல மனுஷர், கோபப்படவில்லை. "டீச்சரம்மா, நான் இந்த ரோட்டுல வண்டி ஓட்டறப்ப நீ பொறக்கவே இல்ல. முனியப்பன் முன்னால சத்தம் போட்டுட்டுப் போவச் சொல்றியா?"

பின்னாலிருந்து இறங்கிய முதலாளியம்மா, "அந்தப் பொண்ணு படிச்சுட்டுச் சொல்லுது, கேளுங்களேன்" என்றார்.

"கேட்டேன், கேட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் போய்விட்டார்.

ஏப்ரல் கடைசியில், பள்ளிக்குக் கோடை விடுமுறை விடுவதற்கு முன்னால், வண்டி நீலமாகப் புகை விட்டது. ஊதல் போய், தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. அழுத்தத்தைக் காட்டும் முள் எழும்பவே இல்லை. அண்ணன் டர்போவைத் தனியாகக் கழற்றி, பெஞ்சின் மேல் வைத்துத் திறந்தான். நான் பக்கத்தில் நின்றேன். தண்டைச் சுற்றி எண்ணெய் கருகித் தாராகி இறுகியிருந்தது. சக்கரத்தின் இதழ்கள் கூட்டில் உரசி முனை மழுங்கியிருந்தன. விரலால் சுற்றிப் பார்த்தான், நகரவில்லை.

"வாணலி" என்றான்.

விஷயம் எங்களுக்கு முன்னால் குடியிருப்பைச் சுற்றி வந்துவிட்டது. அந்தப் பொண்ணு இங்கிலீஷைத் தப்பாகப் படித்துச் சொல்லிவிட்டதாம் என்றுதான் எல்லா வாயிலும். யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. தண்ணீர்க் குழாயில் ஒருத்தி என்னைக் கேட்டே விட்டாள். "ஏனுங்க டீச்சர், ஒரு எழுத்து மாறிப் போச்சுங்களாமா?" முந்தின வாரம்தான் அவள் பிள்ளையின் மருந்துச் சீட்டை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருந்தாள். அதற்கடுத்த நாள் ஒரு நோட்டீஸோடு வந்தவர் எங்கள் வாசல் வரை வராமல் ரைட்டர் வீட்டுக்குப் போனார்.

அன்று மாலை அம்மா சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அண்ணன் இன்னும் ஷெட்டிலிருந்து வரவில்லை.

"நாளைக்கி மொதலாளி வர்றாராம். யாருனாலன்னு கேப்பாரு."

"கேக்கட்டும்."

"நாந்தான் தப்பாப் படிச்சுட்டேன்னு நீ ஒரு வார்த்த சொல்லீரு சாமி."

தட்டைத் தள்ளி வைத்தேன். "நான் தப்பாப் படிக்கலியேம்மா."

"இல்லன்னு யாரு சொன்னா? அவன் அணைச்சான்னு சொன்னா அந்த எடம் போச்சு. அவரு அணைச்சாருன்னு சொன்னா எடமும் போச்சு, இந்த ஊடும் போச்சு. நீ சொன்னா என்ன போவும்? பொம்பளப் புள்ள, எங்கியோ ஒரு எழுத்து வுட்டுப் போச்சும்பாங்க. பத்து நாள்ல மறந்துருவாங்க."

"பத்து நாள்ல மறக்க மாட்டாங்கம்மா. இனிமே ஒருத்தரும் ஒரு சீட்டக் கூட எங்கிட்ட நம்பித் தர மாட்டாங்க. அதுவுமில்லாம, அது பொய்யி."

"உன்ற படிப்புக்கு நானும் அவனுந்தான் மாரடிச்சோம்."

"அதுக்காவத்தான் பொய் சொல்ல மாட்டேங்கறேன்."

அம்மா எழுந்து போய் முழங்காலைத் தூக்கிப் பாயில் வைத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தே இருந்தேன். களைப்பு என்றால் எப்படிப்பட்டது என்று எனக்கு அந்த மாலைதான் தெரிந்தது. அதற்கு முன்னால் இருந்தது கால்வலி. அண்ணன் வந்து தானே சோறு போட்டுச் சாப்பிட்டான். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் என்னிடம் அப்படி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் நான் பள்ளிக்குப் போகிற வழியில் ஷெட்டுக்குப் போனேன். புத்தகம் என் பையில் இருந்தது. முதலாளி பெஞ்சின் மேல் இருந்த தண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியம்மா வாசலில் காரில் சாய்ந்து நின்றார். மேலே சரிவில் களையெடுப்பு நடந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்களில் அம்மாவும் ஒருத்தி. பேச்சு கேட்கிற தூரம்தான்.

முதலாளி என்னைப் பார்த்ததும் தண்டைக் கீழே வைத்தார். குரல் மென்மையாகத்தான் இருந்தது.

"வா டீச்சரம்மா. ஒண்ணும் பயப்படாத. அந்த இங்கிலீஷு நொம்பக் கஷ்டம், எனக்கே பாதி புரியல. நீ படிச்சதுல ஏதாவது வுட்டுப் போயிருக்குமா?"

ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் கேட்டார். ஆமாங்க சார் என்று சொன்னால் போதும். யாருக்கும் ஒன்றும் ஆகாது. அவர் சிரித்துவிட்டு, போகட்டும் என்பார். ஷெட்டு அண்ணனுக்கு. அம்மா வீட்டில். நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் ஒரு துணியால் சுத்தமாக இருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வுட்டுப் போவலீங்க சார்" என்றேன்.

பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அந்தக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். வகுப்பில் படிக்கிற குரலில், முதலில் இங்கிலீஷில் படித்தேன். பிறகு ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னேன். மேலே களைக்கொத்துச் சத்தம் நின்றிருந்தது.

படித்து முடித்ததும் அண்ணன் சொன்னான். "பாப்பா இத மொதல்லயே சொல்லுச்சுங்க. என்னத் திருப்பிச் சொல்ல வெச்சுது. எனக்குத்தான் மேட்டுக்கு வந்தா கை நிக்க மாட்டேங்குது. நாந்தானுங்க அணைச்சேன்."

முதலாளி காரின் பக்கம் திரும்பினார். அவன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று அவர் நினைத்தாரோ என்னவோ. அதற்குள் வாசலில் இருந்து முதலாளியம்மா பேசினார்.

"அவன் ஒருத்தன் மட்டுமா அணைச்சான்? நானும் பின்னால உக்காந்துதான வந்தேன். ஒரு நாளாவது நீங்க அணைக்காம எறங்குனீங்களா?"

மேலே சரிவில் யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்கிய சத்தம் கேட்டது. முதலாளியின் முகம் சிவந்தது. கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. புத்தகத்துக்காகக் கையை நீட்டினார். கொடுத்தேன். அந்தப் பக்கத்தைத் தானே ஒருமுறை படித்தார். மூடி, பெஞ்சின் மேல் தண்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பழைய கொழாயையே மாட்டீரு" என்று அண்ணனிடம் சொன்னார். "போதும் இது." காருக்குப் போய்விட்டார்.

எனக்குப் பள்ளிக்கு நேரமாகியிருந்தது. நடந்தேன். அம்மா நின்ற வரிசைக்குக் கீழாகத்தான் பாதை. அவள் குனிந்து களை கொத்திக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

அண்ணன் தகட்டை எடுத்து, கார்பரேட்டர்களைத் திரும்ப வைத்து, பழைய குழாய்களை மாட்டிக் கொடுத்தான். ஜூனில் அவர்கள் இரண்டு பேரும் டர்போ இல்லாமலே இமயமலைக்குப் போய், கறுத்து இளைத்துத் திரும்பி வந்தார்கள். வண்டி நன்றாகவே ஓடியதாம். ஷெட்டைப் பற்றி அதற்குப் பிறகு முதலாளி வாயைத் திறக்கவில்லை. அண்ணனைப் பார்க்கும்போது அவர் கண் வேறெங்கோ போகும். மழைக்காலத்தில் சேலத்திலிருந்து ஒருவர் மெக்கானிக்காக வந்து சேர்ந்தார். அண்ணன் மலையிறங்கி அடிவாரத்தில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்துகொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வருவான். அம்மா தொடர்ந்து வேலைக்குப் போனாள். என்னோடு அவள் சரியாகப் பேச அந்தப் பறிப்புக்காலம் வரை ஆனது. நான் சமைத்து வைத்ததைச் சாப்பிடுவாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள்.

வாசலில் தாளோடு நிற்கிறவர்கள் திரும்ப வந்தார்கள். முதலில் தண்ணீர்க் குழாயில் என்னைக் கேட்டவள்தான் வந்தாள், மருந்துப் பாட்டிலோடு. "டீச்சர் படிச்சாச் சரியா இருக்கும்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. செருப்பைக் கழற்றாமல் நின்றபடியே படித்துச் சொன்னேன். உள்ளே அம்மா முழங்காலில் தேய்க்கிற எண்ணெயின் வாசம் வந்துகொண்டிருந்தது.

அண்ணன் வருவது ஒர்க்‌ஷாப்பில் இரவல் வாங்கிய ஒரு பழைய ஸ்கூட்டரில். நான் வாசலில் இருந்தால் அது மேட்டில் திணறி ஏறுவது கேட்கும். அதில் டர்போவும் இல்லை, ஒன்றும் இல்லை. எங்கே வேண்டுமானாலும் அணைக்கலாம். உச்சிக்கு வரும். சத்தம் நிற்காது. முனியப்பன் முன்னால் கொஞ்ச நேரம் டபடபவென்று நின்று ஆறிவிட்டு, அதே சத்தத்தோடு இறக்கம் முழுவதும் இறங்கி வரும். எஸ்டேட் டிரைவர்கள் ஷெட்டு வாசலில் நின்று, "யாருடா அது, முனியப்பனுக்கே ஆரன் அடிக்கறவன்" என்று கத்துவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"பெட்ரோலு என்ன சும்மாவா வருது" என்றாள். "எறக்கத்துல அணைச்சுட்டு வரச் சொல்லு அவன."

"நீங்களே சொல்லுங்கம்மா."

ஸ்கூட்டர் கடைசி வளைவைத் திரும்பி வந்தது. அம்மா எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, அவனுக்குச் சோறு போட உள்ளே போனாள். வாசலில் வந்து நிறுத்திய பிறகும் அவன் இன்ஜினை ஓடவிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான்.